டிஸ்எபிலிட்டி அப்பீல் பண்ணித் தர்றோம்னு 4,500 டாலர் புடுங்கிட்டாங்க

கை இன்னும் நடுங்குது. நேத்து சாயங்காலம்தான் லெட்டர் வந்துச்சு.

வீட்டுக்காரர் 2009ல மாவ்னிங்கற திட்டம் மூலமா அமெரிக்க ஆர்மில சேர்ந்தவர், சில மொழி தெரிஞ்ச வெளிநாட்டுக்காரங்களை எடுத்தப்ப தமிழ் தெரிஞ்சவங்களையும் எடுத்தாங்களே, அதுல. முன்னாள் படைவீரர்களுக்கான அரசுத் துறை வி.ஏ. குடுத்த டிஸ்எபிலிட்டி ரேட்டிங், பிடிஎஸ்டிக்கு (அதிர்ச்சிக்கு அப்புறம் வர்ற மனப் பாதிப்பு) 50, முதுகுக்கு 40, ரெண்டும் சேர்த்து 70 சதவீதம் (90 வராது, வி.ஏ. கணக்கே தனி). வேலைக்கே போக முடியாதவங்களுக்கு 100 சதவீத ரேட்ல தர்ற டிடிஐயூக்கு போட்டோம், ரிஜெக்ட்.

அப்பதான் ஆன்லைன்ல ஒரு கன்சல்டிங் கம்பெனி மாட்டுச்சு. இவருக்கு சோபால உக்கார முடியாது, தரையில படுத்துக்கிட்டு போனை நெஞ்சு மேல வச்சு ஸ்பீக்கர்ல பேசினார். அந்தாள் எடுத்த எடுப்புல "தரையிலதானே படுத்திருக்கீங்க? நானும் அப்படித்தான், நானும் ஆர்மிதான்"னான். இவர் கண்ணு கலங்கிடுச்சு. அவ்ளோதான், அன்னிக்கே கையெழுத்து, என் கார்டுல 4,500 டாலர். நான்தான் நம்பர் சொன்னேன், அதை நினைச்சாதான் வயிறு எரியுது.

அவங்க டாக்டர் லெட்டர் ஒண்ணு ரெடி பண்ணி, இவர் லாகின்லயே வி.ஏ. சைட் உள்ள போய், சீனியர் ஒருத்தர் பழைய ஃபைலையே மறுபடி பாக்கற ஹையர் லெவல் ரிவ்யூ போட்டிருக்காங்க. அதுல புது எவிடென்ஸ் எதையும் பாக்கவே மாட்டாங்களாம்! புது லெட்டர் இருந்தா சப்ளிமென்டல் க்ளெய்ம்தான் போடணுமாம், இந்தத் தொழில்ல இருக்கறவனுக்கு இதுகூடவா தெரியாது? 4,500 டாலர் லெட்டரை ஒருத்தரும் படிக்கல, மறுபடி ரிஜெக்ட்.

காலையில இருந்து போன் பண்றேன். முதல்ல கேஸ் மேனேஜர் லீவுன்னாங்க, அப்புறம் அவர் வேலையை விட்டுட்டாருன்னாங்க, அப்புறம் "ரிசல்ட்டுக்கு கேரண்டின்னு காண்ட்ராக்ட்ல இல்லையே மேடம்", இப்ப எடுக்கறதே இல்ல. அந்த நானும்-ஆர்மிதான் ஆள் எங்கன்னு கேட்டா அப்படி யாரும் இங்க இல்லையாம்.

விவரமா டிப்ஸ் எழுதலாம்னுதான் உக்காந்தேன், முடியல. வி.ஏ. அக்ரெடிடேஷன் (அங்கீகாரம்) இல்லாதவங்க இந்த வேலைக்கு காசே வாங்கக்கூடாது, வி.ஏ. சைட்லயே பேரைப் போட்டுத் தேடலாம், நாங்க தேடல. லாகின் பாஸ்வேர்டு குடுக்காதீங்க. டிஏவி, விஎஃப்டபிள்யூ மாதிரி முன்னாள் படைவீரர் சங்கத்துல இதே வேலையை ஃப்ரீயா பண்றாங்க, ஃப்ரீயா! ரிஜெக்ட் ஆனாலும் ஒரு வருஷத்துக்குள்ள அடுத்ததைப் போட்டுடுங்க, இல்லன்னா முதல்ல அப்ளை பண்ண பழைய தேதி போயிடும், அதுல இருந்து வரவேண்டிய பாக்கிப் பணமும்.

இதை டைப் பண்ணும்போதே அவங்ககிட்ட இருந்து மெயில். எங்க சர்வீஸுக்கு 5 ஸ்டார் குடுங்கன்னு.