கோபாலன் படம் மாட்டிய கடையில் பேட் வாங்கலாம், ஹாக்கி ஸ்டிக்?

காரைக்குடியில் ஆத்தங்குடிக் கல் பதித்த ஒரு பழைய வீட்டு முகப்பில் நடக்கிறது இந்த விளையாட்டுச் சாமான் கடை. கல்லாவுக்கு மேலே எம்.ஜே. கோபாலன் படம். கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடியவரை மாட்டி வைத்துவிட்டு, ஹாக்கி அலமாரியை இப்படிப் போட்டிருக்க வேண்டாம்.

பேட் பக்கம் குறையில்லை. டென்னிஸ் பந்துக்குக் காஷ்மீர் வில்லோ மரத்தில் செய்த பேட் போதும் என்று கடைக்காரரே சொல்லிவிடுகிறார். விலை கூடியதைத் தலையில் கட்டுவதில்லை. லெதர் பந்துக்கான பேட்டைக் கூலிக்குப் பதப்படுத்தியும் தருகிறார்கள். ஆளிவிதை எண்ணெய் ஒரு டீஸ்பூன், முகப்புக்கும் விளிம்புக்கும் அடிமுனைக்கும் மட்டும். கைப்பிடி செருகியிருக்கும் இடத்தில் படக்கூடாது. ஒரு நாள் படுக்கப்போட்டு இன்னொரு பூச்சு, பிறகு கொட்டாப்புளியால் மெதுவாகத் தொடங்கித் தட்டுவது, விளிம்பைச் சாய்வாகத் தட்டி மழுக்குவது. செய்முறை சரி, நேரம்தான் பத்தாது. அவசரம் என்றால் அரை மணியில் தட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். நாலைந்து மணி நேரமாவது தட்டாத பேட் விளிம்பில் பட்ட பந்துக்கே விரிசல் விடும். வீட்டில் இன்னும் கொஞ்சம் எண்ணெய் ஊற்றினால் சரியாகிவிடும் என்று நினைக்காதீர்கள். பேட் கனத்து, சத்தம் செத்துவிடும்.

ஹாக்கிக்கு வந்தால், இருப்பதெல்லாம் 36.5 அங்குலம். பெரியவர்களுக்குச் சரி. பள்ளிப் பிள்ளைக்கு இடுப்பெலும்பு உயரத்துக்கு வந்தால் போதும், அந்த அளவு இல்லை. கார்பன் கூடிய ஸ்டிக்கைத்தான் முதலில் நீட்டுகிறார்கள். அது விறைப்பு, பழகும் கையில் பந்து நிற்காமல் துள்ளும். ஃபைபர் கூடியதைக் கேளுங்கள். நம் செம்மண் பொட்டலில் ஸ்டிக்கின் வளைந்த கொக்கி சீக்கிரம் தேயும், அடியில் டேப் சுற்றாமல் இறங்க வேண்டாம். இடதுகைக்காரருக்கு ஸ்டிக் உண்டா என்றால், "வரவழைச்சுத் தர்றேன்ணே" என்கிறார். அப்படி ஒன்று கிடையவே கிடையாது. தட்டையான இடப்பக்கத்தால்தான் எல்லோரும் ஆட வேண்டும் என்பது விதி.

படத்துக்குக் கீழே "1936 ஒலிம்பிக் தங்கம்" என்று எழுதியிருப்பதும் தப்பு. 1935ல் தியான் சந்தோடு நியூசிலாந்து போய் ஹாக்கி ஆடியவர், மறு வருஷம் பெர்லினை விட்டுவிட்டுக் கிரிக்கெட் அணியோடு இங்கிலாந்து போனார். ஹாக்கி அணி தங்கம் வென்றது. இவருக்கு இங்கிலாந்தில் ஒரு டெஸ்ட்கூடக் கிடைக்கவில்லை. ஆடிய ஒரே டெஸ்ட் 1934 ஜனவரியில், கல்கத்தாவில். (கடையும் அவரைப் போலவே கிரிக்கெட் பக்கம் சாய்ந்துவிட்டது போல.) எழுதுவதற்கா விஷயமில்லை? 1934 நவம்பர் 4, சேப்பாக்கத்தில் மைசூருக்கு எதிராக ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவரே அவர்தான். மெட்ராஸும் சிலோனும் ஆடிய கோப்பைக்கும் அவர் பெயர்தான்.

ரசீதைக் கேட்டு வாங்குங்கள். கைப்பிடி ஆடினால் மாற்றித் தருகிறார்கள், எண்ணெய் தடவிய பேட்டைத் திரும்ப எடுப்பதில்லை.