மஹேபூரா, கிராண்ட் பேயா?

மொரீஷியஸ் என்றதும் டிராவல் ஏஜென்ட் கண்ணை மூடிக்கொண்டு ரூம் போடுவது வடக்கே கிராண்ட் பேயில் (பயப்பட வேண்டாம், பே என்றால் வளைகுடா). விமானம் இறங்குவதோ தீவின் மறுகோடியில், மஹேபூர் பக்கத்தில். அங்கிருந்து மஹேபூருக்குக் கால் மணி நேரம். கிராண்ட் பேக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல்.

கடலில் குளிப்பதுதான் முக்கியமா? சரி, கிராண்ட் பே. ஊர் வளைகுடா முழுக்கப் படகுகள்தான், ஆனால் பக்கத்திலேயே பெரேபேர், மோன் ஷுவாசி என்று நல்ல மணல்கரைகள். இரவில் சுற்ற, சாப்பிட இடமுண்டு. கடலோரச் சாலையிலேயே ஒரு தமிழ்க் கோயிலும் இருக்கிறது. மஹேபூரில் இருட்டியதும் தெரு அடங்கிவிடும். குளிக்க வேண்டுமென்றால் ப்ளூ பே கடற்கரைக்கு பஸ் பிடிக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்கிழக்குக் காற்று வேறு முகத்தில் அறையும்.

இவ்வளவு இருந்தும் என் ஓட்டு மஹேபூருக்குத்தான். திங்கட்கிழமை சந்தைக்குப் போய்ப் பாருங்கள்: காய்கறி, துணிமணி, கூடவே சுருட்டிக் கையில் தரும் சூடான தால் பூரி. ஊர்க்காரர்கள் தங்களுக்காகக் கூட்டும் சந்தை அது. பாலம் தாண்டினால், 1870 முதல் மரவள்ளிக்கிழங்கு மாவில் பிஸ்கட் சுடும் ரோல் குடும்பத்தின் பழைய ஆலை. படகேறினால் 26 ஹெக்டேர் பரப்புள்ள எக்ரெத் தீவு. 1990 வாக்கில் காட்டில் ஏறக்குறைய பத்தே மிஞ்சியிருந்த இளஞ்சிவப்புப் புறாவை அங்கே மரக்கிளையில் பார்க்கலாம்.

அப்புறம் அந்தக் கடற்போர். 1810 ஆகஸ்டில் இந்த ஊருக்கு எதிரே உள்ள விரிகுடாவில் பிரெஞ்சுக் கப்பல்கள் ஆங்கிலேயரைத் தோற்கடித்தன. பாரிஸின் வெற்றி வளைவில் இந்தப் போரின் பெயர் செதுக்கப்பட்டிருக்கிறது. காயம்பட்ட இரு தரப்புத் தளபதிகளுக்கும் ஒரே வீட்டில் வைத்தியம் நடந்தது. அந்த வீடுதான் இன்றைய அருங்காட்சியகம். சூடுபட்ட ஆங்கிலேயர் நவம்பரில் திரும்பி வந்தபோது இந்தப் பக்கம் தலைவைக்கவே இல்லை. வடக்கே, கிராண்ட் பே பக்கம் இறங்கித் தீவைப் பிடித்தார்கள்.

ஒரு வாரம் இருக்கிறதென்றால் முதல் பகுதியைக் கிராண்ட் பேயில் கழித்துவிட்டு, கடைசி இரண்டு இரவுக்கு மஹேபூர் வந்துவிடுங்கள். அந்த இரண்டு இரவுக்கு நடுவில் ஒரு திங்கட்கிழமை வருமாறு டிக்கெட் போடுங்கள். கிளம்பும் நாளில் விமான நிலையம் கைக்கெட்டும் தூரம்தான்.