பிரேக் வேலைக்கு 38,500 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன் – பெங்களூரில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

நேற்று முன்தினம் சாயங்காலம் டிரினிட்டி சர்க்கிளிலிருந்து அல்சூர் பக்கம் இறங்கும்போது என் வண்டியின் பிரேக் பெடல் தரையோடு போய் ஒட்டிக்கொண்டது. பக்கத்து சீட்டில் என் அக்கா பையன், பதினோரு வயசு. அன்றைக்குத்தான் 38,500 ரூபாய் கொடுத்து, "நாலு சக்கரமும் புதுசு மாதிரி" என்று கேரேஜ்காரர் சொன்னதை நம்பி வண்டியை எடுத்து வந்தேன். எடுத்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கோபம் அடங்குவதற்குள் எழுதுகிறேன், முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வண்டி மகிந்திரா எஃப்சி பிக்கப். எஃப்சி என்றால் ஃபிட்னெஸ் சர்டிபிகேட் இல்லை, ஃபார்வர்டு கன்ட்ரோல். 1950-களில் அமெரிக்காவில் வில்லிஸ் கம்பெனி ஜீப்பின் அடிச்சட்டத்தை வைத்து உருவாக்கியது, பிறகு இங்கே மகிந்திரா செய்து விற்றது. பானட் கிடையாது, முன்சக்கரத்துக்கு மேலேயே ஓட்டுபவர் உட்காருவார், இன்ஜின் இரண்டு சீட்டுக்கும் நடுவில் பெட்டிக்குள் இருக்கும். அப்பா இதில்தான் ஓசூரிலிருந்து கே.ஆர். மார்க்கெட்டுக்குக் காய்கறி ஏற்றி வருவார். அவர் போன பிறகு விற்க மனசு வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பேன். முன்னால் மூக்கே இல்லாத வண்டி, இடித்தால் முதலில் அடி வாங்குவது நம் முழங்கால்தான். அதனால்தான் பிரேக்கில் காசு பார்க்கக் கூடாது என்று இருந்தேன்.

முதலில் இருந்த கோளாறு பெரிசு ஒன்றும் இல்லை. பிரேக் போட்டால் வண்டி இடது பக்கம் இழுக்கும், பெடலை இரண்டு முறை மிதித்தால்தான் பிடிக்கும். அவ்வளவுதான். தெரிந்தவர் ஒருவர், பழைய ஜீப், அம்பாசிடர், ஃபியட் மட்டும் பார்க்கிற கேரேஜ் மைசூர் ரோடு பக்கம் இருக்கிறது என்று சொன்னார். பெயர் இங்கே போடப்போவதில்லை. சுவர் முழுக்க ராலி போட்டோ, வாசலில் மினுமினுவென்று பெயின்ட் அடித்த இரண்டு வில்லிஸ். பார்த்தாலே நம்பிக்கை வரும்.

என்னை விழ வைத்தது அந்தப் போட்டோ இல்லை. நான் கன்னடத்தில் ஆரம்பித்தேன், கேரேஜ்காரர் என் முகத்தைப் பார்த்து, "தமிழா? நமக்கு ஆம்பூர் பக்கம் தம்பி, உள்ளே வாங்க" என்றார். டீ வரவழைத்தார். வண்டிக்குள் ஏறி ஸ்டியரிங்கைத் தடவிப் பார்த்தார். டாஷ்போர்டில் அப்பா ஒட்டி வைத்த முருகன் படம் இன்னும் இருக்கிறது, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "அப்பா வண்டியா? கவலையை விடுங்க, என் வண்டி மாதிரி பார்த்துத் தரேன்" என்றார். அந்த நிமிஷம் நான் விழுந்துவிட்டேன். அதற்கப்புறம் எஸ்டிமேட்டை வரி வரியாகக் கேட்கவே கூச்சமாக இருந்தது. படத்தைத் தொட்டுக் கும்பிட்டவரிடம் போய் எந்த கம்பெனி கிட் என்று எப்படிக் கேட்பது? கேட்டிருக்க வேண்டும்.

ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். மாஸ்டர் சிலிண்டர் புதுசு, நாலு வீல் சிலிண்டருக்கும் கிட் (ரப்பர் சாமான்), எட்டு ஷூவுக்கும் புது லைனர், ஹோஸ் எல்லாம் மாற்றம், நாலு டிரம்மும் லேத்தில் கடைசல், புது பிரேக் ஆயில், கூலி. (பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டர் ஆயிலை ஹோஸ் வழியாகத் தள்ளும், அந்த அழுத்தத்தில் வீல் சிலிண்டர் ஷூவைத் தள்ளும், ஷூ மேல் இருக்கிற லைனர் சக்கரத்தோடு சுற்றுகிற டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும்.) மொத்தம் 38,500. அட்வான்ஸ் 20,000 போனிலேயே அனுப்பினேன். பன்னிரண்டு நாள் கழித்து ரெடி என்று போன் வந்தது. எனக்கு லீவு கிடைக்காமல் வண்டி அங்கேயே இன்னும் நாலு நாள் நின்றது. (இந்த நாலு நாள் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) போய் மீதி 18,500 கொடுத்தேன். பழைய சாமான் எங்கே என்று கேட்டேன், "குஜிரிக்குப் போட்டாச்சு தம்பி" என்றார், அதாவது பழைய இரும்புக் கடைக்கு. ஜிஎஸ்டி பில் கேட்டேன், "நம்மளுக்குள்ள என்ன பில்லு" என்றார். அதையும் விட்டுவிட்டேன்.

கிளம்பும்போது பெடல் கல் மாதிரி மேலேயே நின்றது, இழுப்பும் இல்லை, சந்தோஷமாக இருந்தது. டவுன் ஹால் தாண்டும்போதே யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி வண்டி கனத்தது. கால் ஆக்ஸிலரேட்டரை விட்டு எடுத்தால் உருளாமல் அப்படியே நிற்கிறது. புது லைனர், தேய்ந்து செட் ஆகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எம்.ஜி. ரோட்டில் கருகின வாடை. பையன், "மாமா, சக்கரத்துல புகை வருது" என்றான். ஓரம் கட்டலாம் என்று இடம் பார்த்துக்கொண்டே இறக்கத்துக்கு வந்துவிட்டேன், மிதித்தால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது, இன்னொரு மிதி, தரை. முன்னால் ஒரு ஆட்டோ, அதில் ஒரு அம்மா, மடியில் குழந்தை.

ஜீப் வழி வந்த இந்தப் பழைய வண்டியில் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் கிடையாது. பின்சக்கரத்தைச் சுற்ற வைக்கிற புரொப்பல்லர் ஷாஃப்ட்டில் தனியாக ஒரு டிரம், அதை வெறும் கம்பி இழுக்கும், ஆயிலுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அதுதான் காப்பாற்றியது. செகண்ட் கியரில் தள்ளி, ஹேண்ட் பிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன், வண்டி மொத்தமும் உதறிக்கொண்டு அந்த ஆட்டோவுக்கு ஒரு முழம் பின்னால் நின்றது. பையன் அழவில்லை, பேசவும் இல்லை. வீட்டுக்கு வந்து அக்காவைப் பார்த்த பிறகுதான் அழுதான்.

மறுநாள் காலையில் மர்ஃபி டவுனில் இருக்கிற ஒரு பெரியவரைக் கூட்டிவந்தேன். எழுபது தாண்டியவர், அப்பா காலத்தில் இதே வண்டியைப் பார்த்தவர், இப்போது கடை இல்லை. வந்ததும் ஒரு வெற்றுக் கண்ணாடி டம்ளர் கேட்டார். தண்ணீர் குடிக்கத்தான் என்று நினைத்தேன். டம்ளரில் பாதி தண்ணீர் எடுத்து, பிரேக் ஆயிலிலிருந்து பத்துச் சொட்டு எடுத்து விட்டார். ஸ்பூனால் கலக்கினார். கொஞ்ச நேரத்தில் மேலே தங்க நிறத்தில் ஒரு படலம் மிதந்தது, ரசத்தில் எண்ணெய் மிதக்குமே, அப்படி. "பிரேக் ஆயில் தண்ணில கரையணும் தம்பி. இது ஜாக்குல ஊத்தற மாதிரி ஏதோ எண்ணெய்" என்றார். பார்த்தால் இரண்டும் ஒரே மஞ்சள்தான், எனக்கு எப்படித் தெரியும்?

மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றினார். "புதுசு" என்று சொன்னது மேலே கறுப்புப் பெயின்ட் அடித்த பழசு, நகத்தால் சுரண்டினால் அடியில் துரு. உள்ளே இருந்த ரப்பர் கப்பை எடுத்துப் பக்கத்தில் புதுசு ஒன்றை வைத்துக் காட்டினார். பழையது ஊறி, ஓரம் சுருண்டு, விரலால் அமுக்கினால் அழுந்துகிறது. ரப்பருக்கு ஆகாத எண்ணெய் பட்டால் இப்படித்தான் ஊதும், அதற்குத்தான் அந்த நாலு நாள் போதுமாக இருந்திருக்கிறது. கப் ஊதியதால், ஆயில் திரும்பி வருகிற சின்னத் துளை அடைத்துக்கொண்டது. காலை எடுத்தாலும் அழுத்தம் இறங்கவில்லை, ஷூ டிரம்மைப் பிடித்தபடியே ஓடியிருக்கிறது, அந்த உரசலில் ஆயில் வரைக்கும் சூடேறியிருக்கிறது. இதில் பழைய பிரேக் ஆயிலையும் முழுசாக எடுக்கவில்லை. டாட் 3 என்கிற ரக பிரேக் ஆயில் புதுசாக இருந்தால் 205 டிகிரியில்தான் கொதிக்கும், வருஷக்கணக்கில் ஈரம் இழுத்திருந்தால் 140-க்கே கொதித்துவிடும். கொதித்தால் ஆவி, ஆவியை அமுக்கினால் பெடல் தரைக்குப் போகும். அந்தக் காலத்து வண்டியில் நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன், போனால் மொத்தமாகப் போகும். ஆறின பிறகு பெடல் கொஞ்சம் மேலே வந்தது, அதனால் யாரிடம் காட்டினாலும் "இப்ப பிடிக்குதே" என்பார்கள்.

டிரம்மைக் கழற்றி ஈரத் துணியால் துடைத்தார், ஊதக் கூடாது, பழைய லைனர் தூளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்று என்னையும் தள்ளி நிற்கச் சொன்னார். லேத்தில் கடைந்ததாகச் சொன்ன டிரம்மின் ஓரத்தில் மேடு அப்படியே இருக்கிறது, நகம் தட்டுகிறது. லைனர் பழசு, உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருக்கிறார்கள், லைனரைப் பிடித்திருக்கிற ரிவெட் தலை கிட்டத்தட்ட மட்டத்துக்கு வந்துவிட்டது. ஹோஸை மடக்கினார், வெளியே டயர் பாலிஷ் பளபளப்பு, மடிப்பில் பிளந்து நூல் தெரிகிறது. 38,500-க்கு அவர்கள் செய்தது பெயின்ட், பாலிஷ், உப்புத்தாள்.

என் பழைய கோளாறு என்ன தெரியுமா? வலது முன்சக்கரத்தில் வீல் சிலிண்டர் இறுகிப்போய் அந்தப் பக்கம் பிடிக்கவில்லை, அதனால் இடது பக்கம் இழுத்திருக்கிறது. இரண்டு மிதி கேட்டது ஷூவை அட்ஜஸ்ட் பண்ணாததால், இந்த வண்டியில் அது தானாக அட்ஜஸ்ட் ஆகாது, கையால்தான் திருப்ப வேண்டும். மூவாயிரத்துக்குள் முடிந்திருக்கும் என்றார் பெரியவர். இப்போது எண்ணெய் பட்ட ஒரு ரப்பரையும் வைத்துக்கொள்ள முடியாது, எல்லா கப்பும் ஹோஸும் புதுசு வேண்டும், இரும்பு லைனை முழுக்கக் கழுவ வேண்டும். வண்டி சாமான் கடைகள் இருக்கிற ஜே.சி. ரோட்டில் விசாரித்ததில் சாமானுக்கு மட்டும் இன்னும் 14,200 ஆகிறது.

கேரேஜுக்குப் போன் பண்ணினேன். முதல் தடவை, "ரன்னிங்ல செட் ஆயிடும் தம்பி." இரண்டாவது தடவை, "லோடு ஏத்தினீங்களா?" ஏற்றினது பதினோரு வயசுப் பையனை மட்டும்தான் என்றேன். "ஆயில் பையன் ஊத்தினது, அவன் ஊருக்குப் போயிருக்கான், வந்ததும் கேட்கறேன்." டம்ளர் போட்டோ, கப் போட்டோ அனுப்பினேன், நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேற்று மத்தியானம் நேரிலேயே போனேன். அன்றைக்கு டீ வாங்கிக் கொடுத்தவர் உட்காரக்கூடச் சொல்லவில்லை. "நீங்க வெளி ஆளை வெச்சு மாஸ்டரைத் திறந்துட்டீங்க சார், இனிமே எங்க பொறுப்பு இல்லை" என்றார். தம்பி போய் சார் ஆகிவிட்டேன். சீட்டைக் காட்டினேன், அதில் கடைப் பெயரும் இல்லை, கையெழுத்தும் இல்லை. பையன் செத்திருப்பான் என்று சத்தமாகவே சொன்னேன். "பழைய வண்டின்னா அப்படித்தான் சார்" என்று சொல்லிவிட்டு வேறு வண்டியைப் பார்க்கப் போய்விட்டார்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு பண்ணியாகிவிட்டது. பணம் போனிலேயே போனதால் அந்த ரசீதாவது இருக்கிறது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரைக்கும் கட்டணம் இல்லை என்பதால் அதையும் விடப்போவதில்லை.

விவரமாக எழுத நினைத்தேன், முடியவில்லை, அவசரமாக இதை மட்டும் சொல்கிறேன். கழற்றின பழைய சாமானைக் கையில் வாங்காமல் காசு கொடுக்காதீர்கள். பிரேக் ஆயில் டப்பாவை உங்கள் கண் முன்னால் சீல் உடைக்கச் சொல்லுங்கள், சந்தேகம் வந்தால் அந்த டம்ளர் தண்ணீர் சோதனை ஒரு நிமிஷ வேலை. வண்டியை எடுத்தவுடனே ஐந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு நாலு டிரம் பக்கத்திலும் கையைக் காட்டிப் பாருங்கள், அனல் அடித்தால் அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். ஹேண்ட் பிரேக் கம்பியைச் சரியாக வைத்திருங்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய் கூடக் கூடாது, எந்த ஊர்க்காரராக இருந்தாலும்.

வண்டி இப்போது வீட்டு வாசலில் நாலு டிரம்மும் கழற்றி, செங்கல் மேல் நிற்கிறது. நாளைக்குக் காலையில் பெரியவரோடு ஜே.சி. ரோடு போகிறேன். பையன், "மாமா, இனிமே நான் அந்த வண்டியில வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டான்.