யுங் வழியா, சி.பி.டி.யா? பழைய காயத்துக்கு எது பொருந்தும்?

போன வருஷம், முன்னோருக்குப் படையல் வைக்கும் படைப்புக்காகச் செட்டிநாட்டில் கானாடுகாத்தானில் உள்ள எங்கள் வீட்டைத் திறந்தோம். வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில் ஓர் அறை மட்டும் பூட்டியே கிடந்தது. "ஆச்சி, சாவி எங்க இருக்கு?" என்று கேட்டேன். ஆச்சி என் பெரியப்பா மகள், எனக்கு மூத்தவர்; எங்கள் பக்கம் அக்காவை ஆச்சி என்போம். கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டு தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார். "தெரியலை தம்பி" என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆனது. சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது. சின்ன வயதில் அவரை அடித்து அடைத்துவைத்த அறை அது.

மனநல மருத்துவர் கொடுத்த மாத்திரையில் தூக்கம் வந்துவிட்டது. அதற்கு மேல் பேச்சுச் சிகிச்சை வேண்டும் என்றார்கள். கனவுகளையும் ஆழ்மனதையும் ஆராய்ந்த சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர் கார்ல் யுங் வழியில் பயின்றவரிடம் போவதா, சி.பி.டி. எனப்படும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சைக்குப் போவதா என்று வீட்டில் பேச்சு வந்தது. ஒரு மாதம் இதையே படித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார அமைப்பின் 11-ஆவது நோய் வகைப்பாடு, சிக்கலான அதிர்ச்சிப் பாதிப்பைத் தனி நோயாகவே வைத்திருக்கிறது. பழைய சம்பவம் கண்முன் வருவது மட்டும் இதில் இல்லை. உணர்ச்சி கட்டுக்குள் நிற்காது, தன்னையே மட்டமாக நினைக்கத் தோன்றும், யாரிடமும் ஒட்ட முடியாது. ஆச்சியிடம் இந்த மூன்றும் உண்டு.

சி.பி.டி.யை 1960களில் ஃபிலடெல்ஃபியாவில் உருவாக்கியவர் ஆரன் பெக். அவரும் முதலில் ஆழ்மனதை ஆராயும் ஃபிராய்டு வழியில் பயின்றவர்தான். மனச்சோர்வு உள்ளவர்களின் கனவுகளை ஆராயப் போய், அவர்கள் விழித்திருக்கும்போது தங்களைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது என்ற முடிவுக்கு வந்தார். ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு வேலைத்திட்டம் இருக்கும், வீட்டுப்பாடம் இருக்கும். சாதாரணமாக 12 முதல் 20 சந்திப்புகள், சிக்கலான பாதிப்புக்குக் கூடுதலாகும். ஆய்வுச் சான்று இதற்குத்தான் அதிகம்.

யுங் வந்த பாதை வேறு. 1900-இல் சூரிச்சின் புர்க்ஹோல்ஸ்லி மனநல மருத்துவமனையில் சேர்ந்து, கடுமையான மனநோயாளிகளோடு வேலை பார்த்தார். ஒரு சொல்லைச் சொல்லி, பதில் வர எத்தனை நொடி ஆகிறது என்று கடிகாரம் வைத்து அளந்தார். பதில் தடுமாறும் இடத்தில் ஒரு மனச்சிக்கல் ஒளிந்திருக்கிறது என்றார். அதைப் படித்ததும் எனக்கு 'சாவி'தான் ஞாபகம் வந்தது.

1909 வாக்கில் அவர் கண்ட கனவு ஒன்று உண்டு. மாடியில் அலங்காரக் கூடம், கீழே இடைக்கால அறைகள், அதற்கும் கீழே ரோமானியச் சுவர், அடியில் ஒரு குகை, அதில் எலும்புகள். மனதின் அடுக்குகளே அந்த வீடு என்று புரிந்துகொண்டார். நம் வீடுகளில் ஆழம் கீழே போகாது, பின்னால் போகும். முகப்பு, முற்றத்தைச் சுற்றிய வளவு, இரண்டாம் கட்டு என்று ஒவ்வொரு வாசலாகத் தாண்டவேண்டும். ஆச்சிக்குக் கனவில் வருவதும் இந்த வாசல்கள்தான். யுங் வழியினர் அந்தக் கனவை உட்கார்ந்து கேட்பார்கள். அது பெரிய விஷயம். ஆனால் வருஷக்கணக்கில் ஆகும், சான்றும் குறைவு.

இன்னொன்று, அவசரப்படக் கூடாது. தன்னைக் காயப்படுத்திக்கொள்பவரையும், நினைவு அறுந்து அறுந்து போகிறவரையும் நிலைப்படுத்தாமல் நேரே பழைய நினைவுகளின் பின்கட்டுக்குக் கூட்டிப்போனால் இன்னும் நொறுங்கிவிடுவார்கள். இருமுனைக் கோளாறு, மனச்சிதைவு என்றால் மருத்துவரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது.

அப்புறம் சிகிச்சையாளரின் பின்னணி. யுங் வழி என்றால், அவர் தானே இன்னொரு பகுப்பாய்வாளரிடம் நீண்ட காலம் பகுப்பாய்வுக்கு உட்பட்டிருக்கவேண்டும், அந்தப் பயிற்சியின் அடிப்படையே அதுதான். தயங்காமல் கேளுங்கள். மருத்துவ உளவியலாளர் என்று சொல்பவரிடம் இந்திய மறுவாழ்வுக் கழகப் பதிவு எண்ணைக் கேளுங்கள். இதே மாதிரிப் பாதிப்புள்ளவர்களைப் பார்த்த அனுபவம் உண்டா என்றும் கேளுங்கள். மொழியும் முக்கியம். 'வளவு' என்றால் என்ன என்று ஒவ்வொரு தடவையும் ஆங்கிலத்தில் விளக்கவேண்டியிருந்தால் கனவு பாதியிலேயே நின்றுவிடும்.

அதனால் முதலில் சி.பி.டி., கை கால் ஊன்றியபின் யுங் வழி என்பதே என் கட்சி. ஆச்சியும் சரி என்றார். இப்போது வாரம் ஒருநாள் காரைக்குடியிலிருந்து மதுரைக்குப் பஸ்ஸில் போய் வருகிறார். பயம் வரும் நேரங்களை எழுத ஒரு நோட்டு வைத்திருக்கிறார். அதன் பின்பக்கத்தில், யாரும் சொல்லாமலே, கனவுகளைத் தேதி போட்டு எழுதிவைத்துக்கொண்டு வருகிறார்.