சிங்குவே தெர்ரே ரயில் அட்டை: எந்த நாளுக்கு வாங்கலாம்?

முழங்கால் வலி உள்ள அம்மாவோடு இத்தாலியின் சிங்குவே தெர்ரே கிராமங்கள் ஐந்தையும் பார்க்க முடிந்ததற்குக் காரணம் ‘ட்ரெனோ கார்டு’ என்கிற ரயில் அட்டைதான். அதற்காகத் தங்கும் எல்லா நாளுக்கும் வாங்கிவிடாதீர்கள். ஊர் ஊராக ஏறி இறங்கும் நாளுக்கு மட்டும் வாங்குங்கள். ஐந்தில் ஒன்றான மொந்தெரோஸ்ஸோவின் கடற்கரை மணலில் நாள் முழுக்க உட்காரப் போகிறீர்கள் என்றால் இது வீண்செலவு.

லெவாந்தோவுக்கும் லா ஸ்பெட்சியாவுக்கும் நடுவே ஓடும் சாதாரண ரயில்களில் அன்று எத்தனை முறை வேண்டுமானாலும் போகலாம். ஐந்து கிராமங்களும் இந்த இரண்டு ஊர்களுக்கு இடையில்தான் இருக்கின்றன. விலை தேதிக்குத் தேதி மாறும். கூட்டம் அதிகமுள்ள நாட்களில் கூடும். ஒரு நாள் அட்டை நள்ளிரவோடு முடிந்துவிடும் என்பதால் மதியம் வந்து சேரும் நாளில் வாங்க வேண்டாம்.

எனக்கு இதில் ரயிலைவிடப் பிடித்தது பேருந்து. இந்தப் பகுதியே ஒரு தேசியப் பூங்கா, அதன் சிறு பேருந்துகளும் இந்த அட்டைக்குள் அடக்கம். ஐந்து ஊர்களில் கொர்னிலியா மட்டும் கடல் மட்டத்தில் இல்லை, சுமார் 100 மீட்டர் உயரத்தில் பாறைமேல் இருக்கிறது. ஸ்டேஷனிலிருந்து ஏறத்தாழ 380 படிகள். அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, “நீ போய்ட்டு வாம்மா, நான் இங்கயே உக்காந்திருக்கேன்” என்றார். பேருந்து வந்தது, ஏறினோம், சில நிமிடங்களில் மேலே இருந்தோம். அன்று அவர் அதிகம் ரசித்த ஊர் அதுதான்.

நடக்கப் பிடித்தவர்களுக்கும் ஒரு வழி சொல்கிறேன். ஐந்தில் இன்னொன்றான மனரோலாவிலிருந்து பேருந்தில், மலைமேல் இருக்கும் வொலாஸ்த்ரா என்ற சிற்றூருக்குப் போய்விடுங்கள். செங்குத்தான ஏற்றம் கழிந்துவிடும். அங்கிருந்து கொர்னிலியா வரை திராட்சைத் தோட்டங்களுக்கு ஊடாகப் பாதை போகிறது. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் சாந்து பூசாமல் கல்லின்மேல் கல்லாக அடுக்கிய சுவர்கள். பல நூற்றாண்டுகளாக மனிதர்கள் கையால் கட்டிய இந்தச் சுவர்கள்தான் சரிவில் மண்ணைப் பிடித்து வைத்திருக்கின்றன. பராமரிக்காமல் விட்டால் சுவர் சரியும், மண்ணும் கூடவே இறங்கும். 1997-இல் யுனெஸ்கோ இந்த நிலப்பரப்பை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது ஏன் என்பது அங்கே நடக்கும்போதுதான் முழுதாகப் புரிகிறது. படம் எடுப்பதற்காக அந்தச் சுவர்கள்மேல் ஏறாதீர்கள், தயவுசெய்து.

அட்டையில் படகு சேராது. ஆனாலும் ஒரு வழிக்காவது தனிச் சீட்டு எடுத்துப் படகில் போங்கள். ரயில் பெரும்பாலும் சுரங்கத்துக்குள்ளேயே ஓடுவதால் கடல் மின்னி மறைகிறது, அவ்வளவுதான். பாறையோடு ஒட்டிய வீடுகளைத் தண்ணீரிலிருந்து பார்ப்பது வேறு அனுபவம். கொர்னிலியாவில் படகு நிற்காது, அலை அதிகமானால் சேவையே இருக்காது. அப்புறம், ரியோமஜ்ஜோரேயையும் மனரோலாவையும் இணைக்கும் ‘வியா தெல்லாமோரே’ பாதை. 2012-இல் பாறை சரிந்து மூடப்பட்டு 2024-இல் திறந்தது. அதற்கு நேரம் குறித்துத் தனியாக முன்பதிவு செய்ய வேண்டும், தனிக் கட்டணமும் உண்டு.

தங்குவதற்கு நாங்கள் லா ஸ்பெட்சியாவைத் தேர்ந்தெடுத்தோம். பெரியவர்களோடு போகிறவர்களுக்கு அதையே சொல்வேன். கிராமத்து அறைகள் பலவற்றுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியேற வேண்டியிருக்கும்.

ரயில் தேவையில்லை, நடை மட்டும் போதும் என்றால் இதைவிட மலிவான ‘ட்ரெக்கிங் கார்டு’ இருக்கிறது. எதுவானாலும் முந்தைய நாள் மாலை வானிலையைப் பார்த்துவிட்டு வாங்குங்கள். மழை எச்சரிக்கை வந்தால் மலைப்பாதைகளை மூடிவிடுவார்கள். 2011 அக்டோபர் வெள்ளத்தில் வெர்னாட்சாவும் மொந்தெரோஸ்ஸோவும் சேற்றில் புதைந்த இடம் இது, அந்தக் கண்டிப்பு சரியானதே. பாதையில் நடக்க மூடிய ஷூ கட்டாயம். ரப்பர் செருப்போடு போனால் அபராதம் விதிப்பார்கள்.