காற்றுக் குடித்த இயந்திரம்: பழைய செனோவா ஜி-62 உடன் மூன்று ஆண்டுகள்

2022 ஆம் ஆண்டு நடுப்பகுதியில் கனடாவிலிருந்து கப்பலில் வந்த உறவினர் பெட்டியொன்றில், பால்மாப் பைகளுக்கும் சொக்கலேற்றுகளுக்கும் அடியில், பழைய துவாயில் சுற்றப்பட்டு, மாதிரி விமானங்களுக்கான ஜி-62 என்ற இந்தப் பெற்றோல் இயந்திரம் யாழ்ப்பாணத்தில் என் கைக்கு வந்தது. ஒருமுறை பெற்றோல் ஓடிய இயந்திரத்தை விமானப் பயணப்பொதியில் கொண்டுவருவது இலகுவான காரியமல்ல என்பதால், மச்சான் அதைக் கழுவித் துடைத்துக் கப்பலில் அனுப்பியிருந்தார். அவர் அதைக் கடைசியாக ஓட்டிப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. நான் அப்போது மூன்றிலொரு அளவிலான பைப்பர் கப் மாதிரி விமானமொன்றைக் கட்டிக்கொண்டிருந்தேன். உண்மையான ஜே-3 கப்பின் இறக்கை நீளம் 10.7 மீற்றர், என்னுடையது மூன்றரை மீற்றருக்குச் சற்றுக் கூட. அந்தப் பாரத்தை இழுக்க இவ்வளவு பெரிய இயந்திரம் வேண்டியிருந்தது.

ஜி-62 யப்பானியத் தயாரிப்பு. 47.5 மில்லிமீற்றர் விட்டமும் 35 மில்லிமீற்றர் வீச்சும் கொண்ட ஒற்றைச் சிலிண்டர், 62 சிசி, டூ ஸ்ட்ரோக். தீப்பொறிக்கு பற்றரி வேண்டாம். பறப்புச் சக்கரத்திலுள்ள காந்தமும் அதன் அருகிலுள்ள கொயிலுமே போதும். புல்வெட்டும் மெசினும் மரம் அரியும் மெசினும் இதே குடும்பந்தான். அந்த உறவுதான் பின்னர் எனக்குக் கைகொடுத்தது.

முதலில் நான் செய்தது பிழையான வேலை. புரொப்பெல்லரைக் கையால் சுற்றியபோது அழுத்தம் குறைவாக இருப்பதாகத் தோன்றியது. உடனே பிஸ்டனைச் சுற்றியுள்ள றிங்தான் தேய்ந்துவிட்டதென்று முடிவுகட்டி, ரூபாயின் பெறுமதி விழுந்திருந்த அந்த நாட்களில், வெளிநாட்டிலிருந்து ஒரு றிங்கை வரவழைத்தேன். சிலிண்டரைக் கழற்றிப் பார்த்தால் பழைய றிங்கில் குறையொன்றும் இல்லை; வெளியேற்றும் துவாரத்தில்தான் கரி அடைத்திருந்தது. உலோகத்தால் சுரண்டினால் சிலிண்டரின் உட்பூச்சு கீறுப்படும் என்பதால், கரியை மண்ணெண்ணெயில் ஊறவைத்து மூங்கில் சிம்பால் எடுத்தேன். புது றிங்கைப் போட்டும் பார்த்தேன். இயந்திரம் ஸ்டார்ட் ஆனது, ஆனால் அடங்கவில்லை. திறொட்டிலை மூடினாலும் சுற்று இறங்க மறுத்து மேலேயே நிற்கும். சிறிது நேரத்தில் திடீரென்று நின்றுவிடும். பெற்றோலின் அளவைக் கூட்டிக் குறைக்கும் காபரேற்றர் ஊசிகளை எப்படித் திருப்பியும் இரண்டு நாட்கள் ஒரேமாதிரி நடக்கவில்லை.

எங்கள் ஊரில் தோட்டத்து இறைப்பு மெசின்களைத் திருத்தும் வயதான மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். போர்க்காலத்துப் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லாமல், நாலு துளி பெற்றோலைக் காட்டி ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள்களை ஓடவைத்த தலைமுறையைச் சேர்ந்தவர். இயந்திரத்தை அவருடைய பட்டறை மேசையில் பூட்டி ஓட்டிக் காட்டினேன். அவர் அதை நிறுத்தச் சொல்லி, பறப்புச் சக்கரத்தின் பின்புறம் விரலை விட்டு எடுத்தார். விரல் நுனியில் கறுப்பாக எண்ணெய் ஈரம். அதை முகர்ந்து பார்த்துவிட்டு, “றிங்கை விடு தம்பி, மெசின் காத்துக் குடிக்குது” என்றார். அந்த ஈரத்தை நானும் பல தடவை துடைத்திருக்கிறேன். எங்கோ சிந்திய எண்ணெய் என்றே நினைத்திருந்தேன்.

டூ ஸ்ட்ரோக் இயந்திரத்தில் பிஸ்டன் மேலே போகும்போது கிராங் அறை உறிஞ்சுகிறது. கீழே வரும்போது அதே அறை அழுத்துகிறது. கிராங் தண்டைச் சுற்றியுள்ள ஓயில் சீலின் றப்பர் காய்ந்து இறுகிவிட்டால், உறிஞ்சும்போது வெளிக்காற்று அதனூடாக நுழைந்து கலவையை மெலிதாக்கும். அழுத்தும்போது எண்ணெய் கலந்த ஆவி அதே வழியால் வெளியே கசியும். சுற்று இறங்காமல் நின்றதற்கும் சக்கரத்தின் பின்னாலிருந்த ஈரத்திற்கும் காரணம் ஒன்றுதான்.

அதை உறுதிப்படுத்த வீட்டிலிருந்த பழைய இரத்த அழுத்தக் கருவியைப் பயன்படுத்தினேன். காபரேற்றர் வாயையும் வெளியேற்றும் வாயையும் சைக்கிள் ரியூப் துண்டுகளும் தகடுகளும் வைத்து இறுக்கி மூடி, பிளக் துவாரத்தின் வழியாகக் காற்றை ஊதினேன். இத்தகைய இயந்திரங்களை ஏறக்குறைய 6 பிஎஸ்ஐ அழுத்தத்தில் சோதிப்பது வழக்கம். கருவியின் உச்ச அளவான 300 மில்லிமீற்றர் பாதரசம் அதற்கு மிக நெருங்கியது. முள் 300 ஐத் தொட்டதும் விறுவிறென்று இறங்கியது. சவர்க்கார நீர் தடவியபோது பின் சீலில் முட்டை முட்டையாக நுரை கிளம்பியது. இரண்டு சீல்களையும் பேரிங்குகளையும் கஸ்கெற்றுகளையும் மாற்றிய பிறகு முள் அசையாமல் நின்றது. பழைய இயந்திரம் வாங்குகிற எவரும் வேறெதையும் கழற்றுவதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. எனக்கு றிங்கின் விலை மிஞ்சியிருக்கும்.

காபரேற்றர் வால்ப்றோ நிறுவனத்தின் வகை. அதனுள் பெற்றோலை அளந்து விடும் மெல்லிய சவ்வான டயபிரம் காய்ந்த வாழைச் சருகு போல விறைத்திருந்தது. புல்வெட்டும் மெசினுக்கு விற்கிற டயபிரம் தொகுதியே அதற்குப் பொருந்தியது. காந்தத்திற்கும் கொயிலுக்கும் இடையில் ஒரு விசிட்டிங் கார்ட்டை வைத்து இறுக்கினால், வேண்டிய 0.3 மில்லிமீற்றர் இடைவெளி கிடைத்துவிடும்.

பழக்கி ஓட்டுவதற்குப் பெற்றோல் கிடைப்பதே அப்போது பெரும்பாடு. எரிபொருளைப் பங்கிடும் கியூஆர் முறை வந்த புதிதில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர்தான். அதில் ஒரு லீற்றரை இயந்திரத்திற்கு ஒதுக்கிவிட்டு, கடைக்குச் சைக்கிளில் போய்வந்தேன். முதல் 5 லீற்றருக்கு 32 க்கு 1 என்று எண்ணெய் கலந்தேன். பின்னர் 40 க்கு 1, அதாவது லீற்றருக்கு 25 மில்லிலீற்றர்.

நிலத்தில் ஒழுங்காக ஓடிய இயந்திரம் ஆகாயத்தில் மீண்டும் தொல்லை கொடுத்தது. பலாலி விமானநிலையத்திலிருந்து விலகி, தென்மராட்சிப் பக்கத்துத் தரவையொன்றில் பறக்கவிட்டபோது, வேகம் கூடக்கூட இயந்திரம் கொழுத்த கலவையில் திக்கித் திக்கி ஓடியது. இறக்கிப் பார்த்தால் எந்தப் பிழையும் இல்லை. டயபிரத்தின் மூடியிலுள்ள சிறு துவாரம் வெளியழுத்தத்தை அளவாகக் கொண்டுதான் பெற்றோலை விடுகிறது என்பதும், இயந்திரத்தை மூடியிருக்கும் மூக்குக் கவசத்திற்குள் அடிக்கும் காற்று அந்த அளவைக் குழப்புகிறது என்பதும் பிறகுதான் பிடிபட்டது. மூடியில் ஒரு பித்தளைக் குழாயை ஈயம் வைத்து ஒட்டி, அதிலிருந்து ஒரு சிலிக்கோன் குழாயை விமானத்தின் உடலுக்குள் கொண்டுபோய் விட்டேன். அத்துடன் அந்தத் தொல்லை தீர்ந்தது. ஆனால் சிலிக்கோனைப் பெற்றோல் ஓடும் இடத்தில் போட்டுவிடக் கூடாது. அது ஊதிப் பருத்துக் கழன்றுவிடும்.

அன்றிலிருந்து சோளகம் கடுமையாக வீசும் மாதங்களைத் தவிர்த்து, பெரும்பாலான ஞாயிற்றுக்கிழமைகளில் பறக்கவிடுகிறேன். லான்ட்மாஸ்ரர் பெட்டியில் இறக்கைகளை வைக்கோலின்மேல் கிடத்திக்கொண்டு போவது வழக்கம். 22 அங்குலப் புரொப்பெல்லருடன் நிலத்தில் 6,900 சுற்றை ஒட்டி ஓடுகிறது. 700 மில்லிலீற்றர் தாங்கி பதினைந்து இருபது நிமிடம் தாங்கும். இந்தக் காலத்தில் மாற்றியவை ஒரு பிளக்கும் ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை டயபிரமும் மட்டுமே. உப்புக்காற்றுக்கு அஞ்சி, பறந்து முடிந்ததும் தாங்கியை வடித்து, இயந்திரத்தினுள் சிறிது எண்ணெய் விட்டுச் சுற்றி வைக்கிறேன். மின்னணுத் தீப்பொறிக்கு மாற்றும்படி நண்பர்கள் சொல்கிறார்கள். கையால் ஸ்டார்ட் செய்வது மென்மையாகும் என்பது உண்மைதான், ஆனால் தடித்த கையுறையுடன் ஓங்கிச் சுற்றுவது எனக்குப் பழகிவிட்டது, கவனிக்க வேண்டிய பற்றரியும் ஒன்று குறைகிறது.

தீராத குறை ஒன்று உண்டு. சூடாக இறங்கிய இயந்திரம் ஐந்து நிமிடத்திற்குள் மீண்டும் ஸ்டார்ட் ஆகாது. காபரேற்றரில் ஈரத்துணியைப் போர்த்தினால் இணங்குகிறது என்பதால், சிலிண்டரின் சூடு ஏறிப் பெற்றோல் உள்ளேயே ஆவியாகிறது என்று கருதுகிறேன். சிலிண்டருக்கும் காபரேற்றருக்கும் இடையில் வைக்கத் தடித்த காப்புக் கட்டையொன்றைச் செய்யக் கொடுத்திருக்கிறேன். அது வரும்வரை, ஒவ்வொரு பறப்பிற்குப் பிறகும் பனையடி நிழலில் இருந்து ஒரு பிளேன்ரீ குடித்து முடிக்கும் நேரத்தை அதற்குக் கொடுக்கிறேன்.