ஜூனியரில் 143, கல்லூரியில் 64: எது பெரிய எண்?

ஐஸ் ஹாக்கி வீரர் கானர் பெடார்ட் 2022-23இல் மேற்கு கனடாவின் ஜூனியர் லீக்கில், ரெஜைனா பேட்ஸ் அணிக்காக 57 ஆட்டங்களில் 143 புள்ளிகள் எடுத்தார் (கோலுக்கு ஒன்று, கோலுக்கு உதவிய பாஸான அசிஸ்டுக்கு ஒன்று). மாக்லின் செலப்ரினி அடுத்த பருவத்தில் பாஸ்டன் பல்கலைக்கழகத்துக்காக 38 ஆட்டங்களில் 64. ஆட்டத்துக்கு 2.51, 1.68. வட அமெரிக்காவின் தொழில்முறை லீக்கான என்ஹெச்எல்லில் முதல் பருவம்: பெடார்ட் 68 ஆட்டங்களில் 61, செலப்ரினி 70இல் 63. ஏறக்குறைய ஒரே விகிதம்!

காரணம் எதிராளிகளின் வயது. ஜூனியரில் பெரும்பாலும் 16 முதல் 20 வரை. கல்லூரியில் 22, 23 வயதுத் தடுப்பாட்டக்காரர்கள் சாதாரணம். ஆடுகளத்தைச் சுற்றியுள்ள பலகையோரம் 17 வயதுப் பையனை நசுக்கிவிடுவார்கள். அங்கே எடுத்த ஒரு புள்ளிக்கு எடை அதிகம். மறுபுறம், 20 வயதில் ஜூனியரில் கோல் குவிப்பவரை அந்த எண்ணை வைத்து நம்பக்கூடாது.

பயிற்சியிலும் வேறுபாடு உண்டு. ஜூனியரில் 68 ஆட்டங்கள், நெடும் பேருந்துப் பயணம். என்ஹெச்எல் அட்டவணைக்கு உடல் பழகும். கல்லூரியில் ஆட்டங்கள் பெரும்பாலும் வெள்ளி, சனி. மற்ற நாட்களில் எடைப் பயிற்சி. மெலிந்த பையனுக்குக் கல்லூரியே மேல் என்பேன்.

எந்தப் பக்கமானாலும் பவர்பிளே (எதிரணி ஆள் குறைந்து ஆடும் நேரம்) புள்ளிகளையும் இரண்டாம் அசிஸ்டுகளையும் (கடைசிப் பாஸுக்கு முந்தைய பாஸ்) தனியே கழித்துப் பாருங்கள். ஐவருக்கு ஐவர் ஆடும்போது எடுத்ததே நம்பகமானது. பிறந்த தேதியும் முக்கியம்: என்ஹெச்எல் அணிகள் இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்கு வயது வரம்பு நாள் செப்டம்பர் 15. செப்டம்பர் 16இல் பிறந்தவர் அடுத்த ஆண்டுக்குத் தள்ளப்பட்டு, சிலரைவிட ஏறத்தாழ ஒரு வயது மூத்தவராக நிற்பார்.

2025 ஆகஸ்டிலிருந்து ஜூனியர் வீரர்களும் கல்லூரியில் ஆடலாம். ஜூனியர் நட்சத்திரம் கேவின் மெக்கென்னா உடனே பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டார்.